டியூப் லைட்டும் எட்டுக்கால் பூச்சியும்

உங்களில் எத்தனை பேர் கழுத்திலோ கன்னத்திலோ காவி பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொன்னால் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது தூக்குவீர்கள். மீதிப் பேரும் போயிருப்பீர்கள். தோள்வலியில் கை எழும்பாது, அவ்வளவுதான்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் இப்போது தஞ்சாவூரில், புறவழிச்சாலைக்குப் பக்கத்தில், வயலை மேடாக்கிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வீடுகள், இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று ஓடும். சமீபத்தில் குடியிருப்போரின் செல்போன் குழுவில் மூன்றாம் மாடிப் பெண் ஒருவர் தன் கழுத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். சிவந்து, நீளவாக்கில், பொடிப் பொடியான நீர்க்கொப்புளங்களோடு ஒரு தடம். சிலந்தி கடித்துவிட்டது என்று கீழே எழுதியிருந்தார். பதினொரு பேர் அழுகிற முகம் போட்டார்கள். செயலாளர் உடனே, சுற்றுச்சுவரை ஒட்டிய செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் வெட்டிவிட்டு, மழை விட்டதும் மருந்து அடிக்க ஆள் சொல்லியிருப்பதாக அறிவித்தார். அது சிலந்தி இல்லை என்று நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதில் ஒருவர், “விரல் பட்டுடுச்சு சார், தப்பா நினைக்காதீங்க” என்று லிஃப்டில் வந்து சொன்னார்.

செல்போனில் சொல்ல இடம் போதவில்லை. அதனால் இங்கே, அந்தக் காவியின் வாசனை தெரிந்தவர்களான உங்களிடம், முழுக்கச் சொல்லிவிடப் போகிறேன். அரைகுறையாக விடுவதற்கு எனக்கு மனம் வராது. அது என் சுபாவம். அந்த வருஷத்தில் வந்தது.

அந்த வருஷம் ஐப்பசிப் புயலில் எங்கள் பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் பறந்துவிட்டது. வேறு ஓடு போடும் வரை பள்ளிக்கூடம் கிடையாது என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கீழ்வேளூரிலிருந்து மாட்டு வண்டியில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான் என்று நாலு பேர். அத்தை இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். நெல் குதிர், ஊறுகாய் ஜாடி, சாவிக்கொத்து மூன்றும் அவர் பொறுப்பு. அடுப்படியில் அம்மா சமைப்பார். எதைச் சமைப்பது என்பதை அத்தை சொல்வார். அம்மாவுக்கென்று அந்த வீட்டில் இருந்தது கொல்லையில் ஒரே ஓர் அவரைப் பந்தல்.

வீட்டின் பின்பக்கம் ஓடு வேய்ந்த தாழ்வாரம். அதைத் தாண்டிக் கிணறு. கிணற்றுக்கு அப்பால் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை சம்பா நடவு. ஆடியில் அம்மா தானே விதை ஊன்றி, தானே கழி நட்டு, பனைநாரால் முடிச்சுப் போட்டுக் கட்டிய பந்தல் அது. அந்த முடிச்சுகளை வேறு யாரையும் தொட விடமாட்டார். ஐப்பசி மழையில் கொடி முழுக்க ஏறி, ஊதாப் பூ விட்டு, உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியிலிருந்து ஆள் தெரியாத அளவுக்கு அடர்ந்திருந்தது. நான் அங்கேதான் உட்கார்ந்தேன்.

என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. அப்பாவுடையது. பட்டாவையும் அடங்கலையும் படிப்பதற்காக வாங்கியது. பித்தளை வளையம் போட்டது. மரக் கைப்பிடி கழன்றுபோன பிறகு அவர் அதை மேசைக்குள் போட்டுவிட்டார். அந்தக் கண்ணாடி இப்போது இல்லை. வீடு மாறிய ஏதோ ஒரு தடவையில் போய்விட்டது. எத்தனையோ சாமான்கள் தொலைந்தன; அது ஒன்றைத்தான் நான் இன்னமும் தேடுகிறேன்.

முதலில் கண்டது பந்தலின் கிழக்கு மூலையில். வட்டமான வலை, நடுவில் வெள்ளை நூலால் நெளிநெளியாகப் பெருக்கல் குறி போட்டது போல. அந்தக் குறியின் மேல், மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட ஒரு பூச்சி, தலைகீழாக. எண்ணிப் பார்த்தேன். நாலு கால். நாலு கால் பூச்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையைத் திருப்பாமல், காய் பறித்துக்கொண்டே, “நல்லா எண்ணு” என்றார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அது தன் கால்களை இரண்டிரண்டாக ஒட்டி வைத்துக்கொண்டிருந்தது. நாலும் நாலும் எட்டு. எனக்கு அவமானமாக இருந்தது. இனிமேல் எதையும் இரண்டு தடவை எண்ணாமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் மாத்திரைகளை அப்படித்தான் எண்ணுகிறேன், மருமகள் சிரிக்கிறாள்.

கொய்யா மரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போன்ற கூடு. அந்தச் சிவப்பு எறும்புகளின் வரிசைக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் வரிசையில் சேராமல், நின்று நின்று போனது. எறும்பு போலவே சிவப்பு, எறும்பு போலவே இடுப்பு. எண்ணினேன். முன்னால் மீசை போல ஆட்டிக்கொண்டிருந்தது மீசை இல்லை, கால். எட்டு. எறும்பு வேஷம் போட்ட எட்டுக்கால் பூச்சி. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுக் கொல்லையிலேயே இப்படி ஒரு கள்ளன் இருந்துகொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் பிழைக்கிறானே என்று.

அவரை இலை மேலே இலைப் பச்சையில் ஒன்று, காலெல்லாம் முள்ளு முள்ளாக. கிணற்றுச் சுவரில் தாவுகிற ஒன்று. நான் தலையைத் திருப்பினால் அதுவும் தன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்க்கும். கண்ணாடி வைத்து எண்ணியபோது அதற்குக் கண்ணும் எட்டு. சர்க்கரைவள்ளிக் கொடியில் ஒரு வண்டு, சொட்டுத் தங்கம் உருக்கி விட்டாற்போல. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துப் படுத்தேன். காலையில் திறந்தால் தங்கம் போய், துருப்பிடித்த ஆணித்தலை போல ஒன்று செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் பெட்டியில் அடைக்கவில்லை. இருந்த இடத்திலேயே பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கார்த்திகை பிறப்பதற்குள் எட்டுக் காலில் மட்டும் பதினேழு தினுசு சேர்ந்துவிட்டது. ஆறு காலில் அறுபதைத் தாண்டியதும் கணக்குத் தப்பிவிட்டது. அது இன்றும் உறுத்துகிறது.

இந்தச் சமயத்தில்தான் அப்பா நாகப்பட்டினம் போய் டியூப் லைட் வாங்கி வந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல். மற்ற வீடுகளில் மஞ்சள் பல்பு. பலவற்றில் அதுவும் இல்லை. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். புது உரம், புது விதை, சொசைட்டியில் வருகிற பூச்சிப் பொடி எல்லாவற்றையும் ஊரில் முதலில் வாங்கிப் பார்ப்பவர். லைட்டைப் பின் தாழ்வாரத்தில், வயலைப் பார்த்தாற்போல மாட்டினார். சுவிட்சைப் போட்டால் இரண்டு மூன்று தரம் கண் சிமிட்டிவிட்டு, பால் கொட்டியது போல வெளிச்சம் கிணறு வரை பாயும். பார்க்க ஆட்கள் வந்தார்கள். அப்பா எல்லாருக்கும் ஒரு தரம் அணைத்துப் போட்டுக் காட்டினார். விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து சாப்பாடு முடியும் வரை நாங்கள் நாலு பேரும் அதன் கீழேதான். அப்பா கணக்குப் பார்ப்பார், அத்தை முறத்தில் அரிசி புடைப்பார், அம்மா பரிமாறுவார். வயல் பக்கமிருந்து பூச்சிகள் வந்து கொட்டும். மோரில் விழுந்ததை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம்.

ஒருநாள் காலையில் அம்மாவின் கழுத்தில், வலது பக்கம், அந்தத் தடம் வந்தது. மூன்றாம் மாடிப் பெண் படம் எடுத்துப் போட்டாரே, அச்சு அசல் அதே. எரிகிறது என்றார் அம்மா. அத்தை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் விட்டிருக்கிறது. பந்தலுக்குள்ளேயே பழியாகக் கிடந்தால் வேறென்ன வரும். அக்கியாக மாறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அக்கி எழுதுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சூளைத் தெருவில் பானை வனைகிற வேளார் வந்தார். சிரட்டையில் காவியைக் குழைத்து, கோழி இறகைத் தோய்த்து, அம்மாவின் கழுத்தில் ஒரு சிங்கம் எழுதினார். ஈரமண் வாசனை தாழ்வாரம் முழுக்க. ஆறும் வரை உப்பில்லாச் சோறு, தலைக்குத் தண்ணீர் கூடாது. அப்பாவுக்குச் சிங்கத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எட்டுக்கால் பூச்சியில் இருந்தது. அவர் அத்தையிடம் சொன்னார்: “சிங்கம் எழுதறது இருக்கட்டும்க்கா. அடியில இருக்கறத ஒழிக்கணும். மழை விட்டு ஒருநாள் வெயில் காயட்டும், பந்தலப் பிரிச்சுட்டுக் கொல்லை பூராப் பொடி தூவிடறேன்.”

ஈர இலையில் பொடி நிற்காது. அதனால் மழை விடும் வரை தவணை. பொடி டப்பாவும், தூவுவதற்கான மல்லுத்துணிப் பையும் அன்றே தாழ்வாரத்துப் பரணில் ஏறிவிட்டன. அம்மா பந்தல் இருக்கும் திசையைப் பார்க்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயத்தின் அளவு புரிந்தது. நான் தினமும் விழித்ததும் முதலில் காது கொடுத்துக் கேட்டது ஓட்டில் மழை சத்தத்தை.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே வேலையைத் தொடங்கினேன். என் பதினேழில் பதினோரு தினுசைப் பிடித்து, ஒவ்வொன்றையும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நடக்க விட்டேன். மற்ற ஆறும் அகப்படவில்லை. ஒரு கொப்புளமும் வரவில்லை. சந்தோஷத்தோடு அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், கை தோல் உரிகிற மாதிரி சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “எட்டுக்கால் பூச்சிக்கு உன் மகன் வக்காலத்து வாங்கியிருக்கான் தம்பி. இனிமே நமக்கு கேஸு ஜெயிக்கறது கஷ்டம்தான்.”

அந்த வாரமே அத்தைக்கும் வந்தது. முழங்கை மடிப்பில். மடிப்புக்கு மேலே ஒரு தடம், கீழே ஒரு தடம். கையை மடக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும், புத்தகத்தை மூடினாற்போல. அத்தை கொல்லைக்குப் போகிறவர் இல்லை. ஈரத்தில் கால் வைத்தால் அவருக்கு வாதம். நீங்கள்தான் கொல்லைக்கே போகவில்லையே என்று கேட்டேன். “நான் போகலன்னா என்ன, அதுக்கு வழி தெரியாதா?” என்றார். அந்தப் பதில் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. மடிப்பில் ஏதோ நசுங்கியிருக்கிறது. நசுங்கியது மேலேயும் கீழேயும் பட்டிருக்கிறது. நடந்து போனது இல்லை.

அன்று மாலையிலிருந்து நான் பந்தலை விட்டுவிட்டு டியூப் லைட்டைப் பார்க்கத் தொடங்கினேன். அதாவது, அதிலிருந்து விழுவதை. பச்சைத் தத்துப்பூச்சி, வெள்ளை அந்து, ஈசல், நாற்றமடிக்கிற கதிர்நாவாய். இவற்றுக்கு நடுவில் பறந்து வந்து இறங்கியதும் இறக்கையைச் சுருட்டி ஒளித்துக்கொண்டு எறும்பு போல ஓடுகிற ஒன்று. ஒரு நெல்மணி நீளம். கண்ணாடியில் பார்த்தால் ஐந்து பட்டை: தலை கறுப்பு, கழுத்து சிவப்பு, முதுகு நீலமும் பச்சையும் கலந்த மினுக்கு, வயிறு சிவப்பு, வால் நுனி கறுப்பு. விரலைக் கிட்டே கொண்டுபோனால் தேள் போல வாலைத் தூக்கும். ஏற்கெனவே ஓர் எறும்பு வேஷக்காரனிடம் ஏமாந்தவன் நான். இரண்டு தடவை எண்ணினேன். ஆறு கால். ஊரில் அதற்கு யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. வால்தூக்கி என்று நானே வைத்துக்கொண்டேன்.

அம்மா அப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில், போன தடவைக்கு எதிர்ப்பக்கம், ஒரு வால்தூக்கி ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா புறங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டார். காதுக்குக் கீழே தொடங்கித் தோள் எலும்பு வரை. அடுத்து வந்த தடம் காதுக்குக் கீழே தொடங்கியது, தோள் எலும்பில் முடிந்தது.

நான் ஒன்றைப் பிடித்து என் இடது கையில் வைத்து நசுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பகலெல்லாம் கையைப் பார்த்தபடியே இருந்தேன், ஒன்றும் இல்லை. தோற்றுவிட்டேன் என்று படுத்தவன், விடிந்து பார்த்தால் கை பற்றி எரிந்தது. சிவந்து, கொப்புளமாய், நசுக்கிய அதே இடத்தில். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அப்பா கையைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு எட்டுக்கால் பூச்சியைக் கையில் நடக்க விட்டதாக நானே சொல்லியிருந்தேன் இல்லையா? அதுதான் சாட்சி. வேளார் மறுபடி வந்தார். என் கை குச்சி. சிங்கத்துக்கு வால் எழுத இடம் போதவில்லை. “வால் இல்லாட்டியும் வேலை செய்யும் தம்பி” என்று ஆறுதல் சொன்னார். கிணற்றைத் தாண்டி நான் போகக்கூடாது, அம்மாவும் போகக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். காய் பறிக்கக்கூட. தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் அவரை முற்றிக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது தெரியும்.

நீங்கள் என் நிலைமையில் இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் உட்கார்ந்து யோசித்தேன். தப்பு என் சோதனையில் இருந்தது. நசுக்கியது எனக்கு மட்டும் தெரியும். வந்தது எதனால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். யாராவது பார்க்கும்போது செய்ய வேண்டும். அதுவும் தானாக வர முடியாத மாதிரி வர வேண்டும். கொப்புளம் நேர்கோடு போட்டுக்கொண்டு வராது. கோடாக வந்தால், அது கோடு போட்டதால் வந்தது.

கொல்லைக்குப் போகத் தடை இருந்ததே இப்போது எனக்கு வசதி ஆயிற்று. எங்கேயும் போகாதவன் கையில் எட்டுக்கால் பூச்சி எப்படி வரும்?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மழை நின்றது. சாயங்காலம் மேற்கே வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. நாளைக்கு வெயில் என்று அப்பா சொல்லிவிட்டு, கொல்லை வேலைக்கு வருகிறவருக்குச் சொல்லி அனுப்பினார். விளக்குப் போட்டதும் நான் ஒரு பாட்டிலில் வால்தூக்கிகளைப் பிடித்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். அவர் பார்க்க, ஒன்றை நசுக்கி, வலது கையில் மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தேன். இந்தக் கோட்டின் மேல்தான் வரும், நீங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

அம்மா அடுப்பைத் தணித்தார். பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இது சின்னப் பையன் கை. எங்க போச்சு, எதத் தொட்டுச்சுன்னு ஆயிரம் கேப்பாங்க. என் கைய அப்படிக் கேக்க முடியாது. அடுப்படிய விட்டு எங்கயும் போகலன்னு உங்க அத்தையே சொல்லுவாங்க.”

வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து ஒன்றை எடுத்து, தன் இடது கையில் வைத்துத் தேய்த்தார். கோலம் போடுகிற கை. கோடு கோணாமல் வந்தது. பிறகு வளையல்களை இறக்கிவிட்டு ரசத்துக்குத் தாளித்தார்.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. என் கையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் கையிலும் ஒன்றும் இல்லை. அது ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொல்லை ஆள் அரிவாளோடு வந்துவிட்டார். அப்பா பரணிலிருந்து பொடியை இறக்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். என் வாழ்க்கையில் பல பரீட்சைகள் எழுதியிருக்கிறேன். முடிவுக்குக் காத்திருந்தது அந்தக் காலையைப் போல் எதற்கும் இல்லை.

அம்மா அப்பாவிடம் போகவில்லை. அரிசி களைந்துகொண்டே, அத்தையிடம் சாதாரணமாகக் கேட்டார்: “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, காய்ச்சுக் கெடக்கற கொடி மேல அரிவா வைக்கலாமா அண்ணி? நீங்கதான் கூடாதும்பீங்க.”

அத்தை கையிலிருந்த முறம் நின்றது. வெள்ளிக்கிழமை காய்க்கிற மரத்தை, கொடியை வெட்டக்கூடாது என்பது அத்தையின் சட்டம். அதே சட்டத்தால் ஒருதரம் முருங்கை வெட்ட வந்த ஆளைத் தெருமுனையிலிருந்தே திருப்பி அனுப்பியவர். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து தாழ்வார ஓரத்துக்குப் போய், “நாளைக்கு வெச்சுக்க தம்பி. இன்னிக்கு வேணாம்” என்றார். பொடியையாவது தூவிவிடுகிறேன் என்றார் அப்பா. பிரிக்காமல் பொடி தூவினால் காயெல்லாம் வீணாகுமே, காயைப் பறித்துக்கொண்டு அப்புறம் தூவு என்றார் அத்தை. வீண் என்ற வார்த்தையும் அத்தையின் சட்டத்தில் உண்டு. கொல்லை ஆள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை காய் பறித்தார். நாலு கூடை.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா என் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். சிரித்தார் என்றே நினைக்கிறேன்.

அப்பாவுக்குக் காபி கொண்டு போனபோது நானும் பின்னால் போனேன். டம்ளரை வைத்துவிட்டு அம்மா வளையலை ஏற்றிக் கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே ஒரே கோடு, அடிமட்டை வைத்து வரைந்தது போல, கொப்புளம் கொப்புளமாக. பக்கத்தில் என் கை. அதிலும் ஒன்று, கொஞ்சம் கோணல்.

“நானேதான் தேச்சுக்கிட்டேன்” என்றார் அம்மா. “உங்க லைட்டுல விழற பூச்சி. இவன் சொன்னது நெசம்.”

அப்பா இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். காபியில் ஆடை கட்டியது. “எதுக்கு இப்படிப் பண்ணிக்கிட்ட?” என்றார்.

“சொன்னாக் கேட்டிருப்பீங்களா?”

அப்பா என்னிடம் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று தெரிந்து, பாட்டிலையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசற்பக்க வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார். “ஆறு” என்றார் கடைசியில், தனக்குத்தானே. ஆறோ எட்டோ, பூச்சி பூச்சிதான் என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. அத்தை கடைசி வரை மாறவில்லை. சாகும் வரை அவருக்கு அது எட்டுக்கால் பூச்சிதான்.

கொல்லை ஆள் கிணற்றடியில் நின்று, பந்தலைப் பிரிக்கலாங்களா என்று கேட்டார். அப்பா கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமல், “வேணாம். வாய்க்கா ஓரம் புல்லு மண்டிக் கெடக்கு, அத செதுக்கிட்டுப் போ” என்றார். பொடி டப்பா மறுபடி பரணுக்குப் போனது. அது அங்கேயே இருந்து அடி துருப்பிடித்து, பல வருஷம் கழித்து நான் தொட்டபோது கையோடு வந்தது.

அம்மா குளித்துவிட்டு நேரே பந்தலுக்குப் போனார். கொல்லை ஆள் பறிக்கும்போது தளர்த்தியிருந்த இரண்டு முடிச்சுகளை அவிழ்த்து, மறுபடி போட்டார்.

அப்பாவைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அவர் உடனே மாறிவிடவில்லை. அன்று சாயங்காலமும் டியூப் லைட்டைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் சிம்னி வெளிச்சத்தில் சாப்பிட்டோம். அவர் மட்டும் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு, அவ்வளவு வெளிச்சத்துக்கும் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பூச்சி வந்து கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான். தெருவில் முதல் டியூப் லைட். அதை அவரால் அவ்வளவு சுலபத்தில் குற்றவாளி ஆக்க முடியவில்லை; எட்டுக்கால் பூச்சியை ஆக்குவது சுலபமாக இருந்திருக்கிறது. அதற்கு விலை கிடையாது, அதைப் பார்க்க யாரும் வரவும் இல்லை. இப்போது எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. எங்கள் குடியிருப்பிலும் வராந்தா முழுக்க வெள்ளை விளக்குகள், வீட்டுக்கு இரண்டு. அவற்றைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

நான் விடப்போவதில்லை. மழை இன்னும் விடவில்லை. மருந்து அடிக்கிற ஆளும் இன்னும் வரவில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறேன். வராந்தா விளக்கின் கீழே பாட்டில் வைத்துப் பிடித்தும் வைத்திருக்கிறேன். ஐந்து பட்டை, ஆறு கால், இரண்டு தடவை எண்ணியாயிற்று. கையில் கோடு போட்டுக் காட்டவும் எனக்குத் தயக்கமில்லை. சர்க்கரைக்காரர் தெரிந்தே புண் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செயலாளருக்குச் சர்க்கரை இல்லை. அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். ஓரிரு நாளில் கீழ்வேளூரிலிருந்து ஒயர்மேன் வந்தார். அப்பா காரணம் ஒன்றும் சொல்லாமல், டியூப் லைட்டைக் கழற்றிக் கொல்லைக் கடைசியில், வாய்க்கால் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் மாட்டச் சொன்னார். தண்ணீர் பார்க்க வசதியாக இருக்கும் என்றார். தாழ்வாரத்துக்குப் பழைய மஞ்சள் பல்பு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வேளார் வர வேண்டியிருக்கவில்லை.

விளக்கு போன இடத்துக்கு என் பதினேழு தினுசும் போயின என்று சொல்ல மாட்டேன். வலை கட்டுகிறவை போயின. கம்பத்துக்கும் கொய்யாவுக்கும் நடுவே, விளக்குக்குப் போகும் ஒயர் நெடுக, அவரைக் கொடியின் நுனி வரைக்கும் வலை. சாயங்காலம் வெளிச்சம் பட்டால் ஒவ்வொன்றும் தெரியும். நான் தினமும் போய் எண்ணிவிட்டு வருவேன். அப்பாவும் தண்ணீர் பார்க்கப் போவார். போனவர் வருவதற்கு, தண்ணீர் பார்ப்பதற்கு ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆனது.

ஒருநாள் வந்து கால் கழுவி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா அவரைக்காய்ப் பொரியல் வைத்தார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், “இருபத்திரெண்டு” என்றார்.

நான் எண்ணியது இருபத்தொன்று. இரண்டு தடவை எண்ணியது. இருபத்தொன்றுதான் என்றேன். அப்பா சோற்றைப் பிசைந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு கொல்லைக்கு ஓடினேன். கம்பத்தைச் சுற்றிவந்து, அடியில் கிடந்த கல்லின் மேல் ஏறிப் பார்த்தேன். பின்பக்கம், நான் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில், அப்பா நின்றால் மட்டும் தெரிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புது வலை.

திரும்பி வந்து உட்கார்ந்து, இருபத்திரண்டு என்று ஒத்துக்கொண்டேன்.